ஓட்டுக் கேட்ட பசு

ரத்தம் என்று ஷெரிஃப் சொன்னது, புது வீட்டின் டிரைவ்வேயில், நாலு பக்கமும் மஞ்சள் நாடா கட்டிய சதுரத்துக்குள் ஒரு தோசை அகலத்துக்குக் காய்ந்து கிடந்தது.

இளமாறன் நாடாவுக்கு வெளியே குத்துக்காலிட்டு உட்கார்ந்து அதைப் பார்த்தான். டாலஸ் வட்டாரத்தில் லைசென்ஸ் வாங்கிய ஒரே தமிழ்த் துப்பறிவாளன் அவன். போட்டிக்கு ஆள் இல்லாததால் அவன்தான் நம்பர் ஒன் என்று அவனுடைய உதவியாளர் ஜெபினா எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தாள்.

"பாஸ், கொலை நடந்த இடம்னா சாக்பீஸ்ல பாடி அவுட்லைன் போடுவாங்களே. இங்க ஏன் போடல?"

"செத்ததா சொல்றது மாடு, ஜெபினா."

"ஓ. நாலு கால் வரைய சாக்பீஸ் பத்தலையா?"

பக்கத்தில் நின்ற வசந்தாமணிக்குச் சிரிப்பு வரவில்லை. தூங்காத கண்கள் வீங்கியிருந்தன. வெள்ளிக்கிழமை காலையில் இந்த வீட்டுக்குக் கிரகப்பிரவேசம். அன்று சாயங்காலமே அவள் கணவன் நஞ்சுண்டன் கவுண்ட்டி ஜெயிலில். இன்று திங்கள். நாளைக்கு, 1996 நவம்பர் ஐந்தாம் தேதி, ஷெரிஃப் தேர்தல்.

"மொதல்ல இருந்து சொல்லுங்க மேடம்," என்றான் இளமாறன்.

"கோபியில எங்க சொந்தக்காரங்க ஊட்ல எல்லாம் பசுவும் கன்னும் உள்ள வந்த பொறவுதானுங்க பால் காச்சுவாங்க. இங்க பசுவுக்கு எங்கீங்க போறது? பக்கத்துல ராஞ்ச்னு மாட்டுப் பண்ணை வெச்சிருக்கற ஏர்ல்னு ஒரு பெரியவரைக் கேட்டோம். காலைல கொண்டாந்து விட்டுட்டு மத்தியானம் கூட்டிட்டுப் போறேன்னாரு. நல்ல சாதுவான பசுங்க. மஞ்ச பூசி, பொட்டு வெச்சு, மாலை போட்டு, ஹால் வரைக்கும் கூட்டிட்டுப் போயிட்டு, பேக்யார்டுல கட்டிப் போட்டோம். கன்னுக்குட்டி முன்னால ட்ரெய்லர்லயே நின்னுச்சு. பந்தி முடிஞ்சு போய்ப் பாக்கறோம், பசுவைக் காணமுங்க."

"அப்புறம்?"

"ஏர்ல் வந்தாரு. ஓடிப் போயிருக்கும், ஷெரிஃபுக்குச் சொன்னாத் தேடிக் குடுப்பாருன்னு அவரே போன் பண்ணுனாருங்க. ஷெரிஃப் வந்தாரு. கூடவே டிவிக்காரங்களும் வந்தாங்க."

ஷெரிஃப் டுவேன் ஓக்லி வாசலில் சிவப்பாகக் கிடந்ததைப் பார்த்திருக்கிறார். உள்ளே போய் அண்டாவைத் திறந்திருக்கிறார். ரசம். அது என்ன கறி என்று கேட்டிருக்கிறார். கறியே இல்லை என்ற பதில் அவருக்கு நம்பும்படியாக இல்லை. முட்டை கலந்த கேக்கைக்கூடத் தொடாத நஞ்சுண்டனைப் பார்த்து, பசு எங்கே என்று அடுத்த கேள்வியைப் போட்டிருக்கிறார்.

"என்ற ஊட்டுக்காரரு பதட்டத்துல, பசு பூஜை ஆயிருச்சான்னு கேக்கறாருன்னு நெனச்சுட்டாருங்க. 'கவ் ஓவர் சார். நைன் ஓ கிளாக்குக்கே கவ் ஃபினிஷ். எவ்ரிபடி ஈட்டன்'னுட்டாருங்க."

ஜெபினா நெற்றியில் அடித்துக்கொண்டாள். "அதை டிவில பாத்தேன்க்கா. கீழ சப்டைட்டில் வேற போட்டாங்க."

டெக்சாஸில் மாட்டைத் திருடுவது சில்லறைக் குற்றம் அல்ல. ஒரு மாடானாலும் ஃபெலனி. வருடக்கணக்கில் உள்ளே போட முடியும். நஞ்சுண்டனின் கிரீன் கார்டு மனு பாதி வழியில் நின்றது. தண்டனை வந்தால் வேலை, வீடு, விசா மூன்றும் ஒரே மாட்டின் பின்னால் போய்விடும். ஜாமீன் கட்டவும் வழியில்லை. கையில் இருந்ததெல்லாம் இந்த வீட்டுக்குள் போயிருந்தது.

"இதை லேபுக்கு அனுப்பினாங்களா?"

"சுரண்டி எடுத்துட்டுப் போனாங்க. ரிசல்ட் வர ஆறு வாரம் ஆகுமாம்."

"எலெக்ஷன் நாளைக்கு, உண்மை கிறிஸ்துமஸுக்கு," என்றாள் ஜெபினா.

இளமாறன் எழுந்தான். "மேடம், வீட்ல எலுமிச்சம்பழம் இருக்கா?"

"இருக்குங்க. ஜூஸ் போட்டுத் தரட்டுங்களா?"

"எனக்கில்ல. ரத்தத்துக்கு."

நாடாவுக்கு வெளியே இரண்டு துளி தெறித்துக் காய்ந்திருந்தது. தடயத்தைத் தொட்டான் என்று யாரும் சொல்ல முடியாதபடி, அந்தத் துளியின் மேல் மட்டும் இளமாறன் எலுமிச்சையைப் பிழிந்தான். சிவப்பு வெளுத்தது. மெல்ல மெல்ல மஞ்சளாகத் திரும்பியது.

"பாஸ்! ரத்தத்துக்கு மஞ்சக் காமாலை!"

"ஆரத்தி. மஞ்சளும் சுண்ணாம்பும் சேந்தா சிவப்பு. புளிப்புப் பட்டா மறுபடி மஞ்சள். ரத்தத்துக்கு இந்தப் பழக்கம் கிடையாது."

"ஆரத்தி சுத்தி வாசல்ல ஊத்துனதுதானுங்க!" வசந்தாமணியின் குரல் உயர்ந்தது. "அதைத்தானுங்க நானும் சொன்னேன். ஆரத்தி, ஆரத்தின்னு நாலு தடவை சொன்னேன். அந்தாளு தலையாட்டிட்டே எழுதிக்கிட்டாரு."

"என்னன்னு எழுதினாருக்கா?"

"ஆர்ட்டரின்னு."

ஜெபினா இன்னொரு முறை நெற்றியில் அடித்துக்கொண்டாள். "ரத்தக்குழாய்! பாஸ், அவர் பக்கம் யோசிச்சுப் பாத்தா கேஸ் ஸ்ட்ராங்காத்தான் இருக்கு."

பேக்யார்டுக்குப் போனார்கள். புதுக் குடியிருப்பு என்பதால் பின்பக்கம் வேலி இன்னும் போடவில்லை. புல்லுக்கு அப்பால் காலி மனைகள், அதற்கப்பால் ரோடு. கயிறு கட்டியிருந்த இடத்தைக் காட்ட வசந்தாமணி கை நீட்டினாள். ஜெபினா புல்லில் இறங்கி நாலடி வைத்ததும், தரைக்குள்ளிருந்து உஸ்ஸென்று தண்ணீர் நாலா பக்கமும் பீய்ச்சியடித்தது. அவள் அலறிக்கொண்டு ஒரே ஓட்டமாகக் காலி மனைவரை போய்த்தான் நின்றாள்.

"ஆட்டோமேட்டிக் ஸ்பிரிங்க்ளருங்க," என்றாள் வசந்தாமணி சங்கடமாக. "எப்படி நிறுத்தறதுன்னு எங்களுக்கு இன்னும் தெரியலீங்க."

இளமாறன் உதவியாளர் ஓடிய பாதையைத் திருப்தியுடன் பார்த்தான். "நன்றி ஜெபினா. மாடு எந்தப் பக்கம் ஓடியிருக்கும்னு யோசிச்சுட்டே இருந்தேன்."

"என்னைய மாடுங்கறீங்களா பாஸ்?" சொட்டச் சொட்டத் திரும்பி வந்தாள் அவள்.

"அது யாரும் திருடின மாடில்ல, தண்ணி பீய்ச்சினதும் பயந்து கயித்தை உருவிட்டு ஓடின மாடு. ஓடின மாட்டைப் பிடிச்சு, பட்டியில அடைச்சு, தீனி போட்டு, சொந்தக்காரரைத் தேட வேண்டியது இந்த ஊர்ல யாரோட வேலை தெரியுமா?"

"முனிசிபாலிட்டியா?"

"ஷெரிஃப். சட்டத்திலயே அப்படித்தான் இருக்கு. வாங்க, போய்க் கேப்போம்."

*

இளமாறனின் பழைய கொரோலா புதுக் குடியிருப்பைப் பின்னால் விட்டு, டன்லீவி கவுண்ட்டியின் தலைநகரத்தை நோக்கி வடமேற்கே போயிற்று. வழி நெடுகப் புல்வெளிகளில் தேர்தல் பலகைகள் முளைத்திருந்தன. பெரிய தொப்பியும் சின்னக் கண்களுமாக ஷெரிஃப் ஓக்லி ஒவ்வொரு திருப்பத்திலும் சிரித்தார். 'உங்கள் வீடு, உங்கள் மாடு, உங்கள் ஓக்லி.'

"ஷெரிஃப்னா நம்ம ஊர் எஸ்.பி. மாதிரியா பாஸ்?" தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டாள் ஜெபினா.

"எஸ்.பி. பரீட்சை எழுதிட்டு வருவார். மேல ஐ.ஜி. இருப்பார். இவருக்குப் பரீட்சையும் இல்ல, மேல ஆளும் இல்ல. நாலு வருஷத்துக்கு ஒருதடவை ஓட்டு வாங்கணும், அவ்வளவுதான். டவுன் எல்லைக்கு வெளிய போலீஸ் இவர்தான். ஜெயில் இவர் பொறுப்பு. கோர்ட்டுக்குக் காவல், சம்மன் குடுக்கறது, கோர்ட்டு சொன்னா ஏலம் விடறது, எல்லாம் இவர்தான். டெபுடிங்களை வேலைக்கு வெக்கறதும் இவர் இஷ்டம், தூக்கறதும் இவர் இஷ்டம்."

"கல்யாணம் பண்ணி வெக்க மாட்டாரா?"

"அதுக்கு ஜட்ஜ் இருக்கார்."

பின் சீட்டிலிருந்து வசந்தாமணி கேட்டாள்: "மாடு தேடறது அவரு வேலைன்னா ஏனுங்க தேடல?"

"தொலைஞ்ச மாட்டைத் தேடிக் குடுத்தா எந்தப் பேப்பர்லயும் வராது மேடம். மாட்டுத் திருடனைப் பிடிச்சா முதல் பக்கம்."

கவுண்ட்டியின் தலைநகரம் ஒரு சதுக்கம், அதன் நடுவே மணிக்கூண்டு வைத்த கோர்ட்டு, அதன் பின்னால் ஜெயில். சதுக்கத்தில் கடைசி நாள் கூட்டத்துக்கு மேடை தயாராகிக்கொண்டிருந்தது. வசந்தாமணி ஜெயில் வாசல் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். திங்கட்கிழமை பார்வையாளர் கிடையாது என்று சொல்லிப் பார்த்தார்கள். சுவருக்கு இந்தப் பக்கம் உட்காருவதற்கு யாரைக் கேட்க வேண்டும் என்றாள்.

ஷெரிஃப் ஓக்லி அறையில் இரண்டு தொப்பிகள் இருந்தன. ஒன்று மேஜை மேல், ஒன்று தலையில். மேஜை மேல் இருந்தது புகைப்படத்துக்கு. அவர் பேசியது டெக்சாஸ் இழுப்புள்ள இங்கிலீஷ். அதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்:

"நான் மக்களின் வேலைக்காரன், மிஸ்டர் மாறன். இந்தக் கவுண்ட்டியில் முப்பதாயிரம் பேர் எனக்கு முதலாளி."

"என் கட்சிக்காரர் நஞ்சுண்டனும் இந்தக் கவுண்ட்டிக்காரர்தான்."

"அவருக்கு ஓட்டு உண்டா?"

"இன்னும் இல்லை."

"அப்படியானால் முப்பதாயிரத்தில் அவர் சேர்த்தியில்லை." ஓக்லி இதைக் கோபமில்லாமல், ஒரு கணக்கைத் திருத்துகிறவர் போலச் சொன்னார்.

இளமாறன் மஞ்சளையும் சுண்ணாம்பையும் எலுமிச்சையையும் விளக்கினான். ஓக்லி பொறுமையாகக் கேட்டார்.

"லேப் சொல்லட்டும். அதுவரை என்னிடம் வாக்குமூலம் இருக்கிறது. 'மாடு முடிந்தது. எல்லோரும் சாப்பிட்டாயிற்று.' டிவியில் நாலு முறை வந்தது."

"சரி ஷெரிஃப். உங்கள் இன்னொரு கடமையைப் பற்றி ஒரு கேள்வி. வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் அலைந்து திரிந்த மாடு ஏதாவது பிடிபட்டதா?"

ஓக்லி கதவோரம் நின்ற இளம் டெபுடியைத் திரும்பிப் பார்த்தார். சட்டைப் பட்டையில் டிராவிஸ் என்று இருந்தது. "டிராவிஸ், நம் பட்டியில் மாடு இருக்கிறதா?"

டிராவிஸ் தன் பூட்ஸைப் பார்த்தான். "இப்போதைக்கு இல்லை, ஷெரிஃப்."

"கேட்டீர்களா?" ஓக்லி தலையில் இருந்த தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, மேஜையில் இருந்ததை எடுத்து மாட்டிக்கொண்டார். "மன்னியுங்கள். என் முதலாளிகள் சதுக்கத்தில் காத்திருக்கிறார்கள்."

வெளியே வந்ததும் ஜெபினா இளமாறனின் சட்டையை இழுத்தாள். "பாஸ், அந்த டெபுடி நகத்தைப் பாத்தீங்களா? சாம்பார் சாதத்தைப் பிசைஞ்ச மாதிரி மஞ்சள்."

"வார்த்தையையும் கவனிச்சியா? 'இப்போதைக்கு.' பொய் சொல்லத் தெரியாதவன்தான் அந்த வார்த்தையைப் போடுவான்."

ஜெயிலுக்குப் பின்னால் கம்பி வேலி போட்ட பட்டி. மாடு இல்லை. ஆனால் தொட்டியில் தண்ணீர் இருந்தது, வைக்கோல் பாதி தின்று கிடந்தது, சாணம் இன்னும் காயவில்லை. ஜெபினா மூக்கைப் பிடித்துக்கொண்டு குனிந்து சேற்றிலிருந்து எதையோ எடுத்தாள். ஆரஞ்சு நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் சாமந்திப் பூ. இதழோரத்தில் மென்ற அடையாளம்.

"டெக்சாஸ் மாட்டுக்கு யாரு பாஸ் சாமந்தி மாலை போடுவா?"

"கோபிச்செட்டிபாளையத்துக்காரங்க போடுவாங்க."

பின்னால் காலடிச் சத்தம். டெபுடி டிராவிஸ் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான்.

"நான் எதுவும் சொல்ல முடியாது சார்," என்றான். "ஷெரிஃப் ஒரு வார்த்தை சொன்னால் எனக்கு நாளைக்கு வேலை இல்லை. வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகள்."

"நீங்கள் சொல்ல வேண்டாம். நான் சொல்கிறேன். தப்பாகச் சொன்னால் மட்டும் தப்பு என்று சொல்லுங்கள். அது சொன்னதாக ஆகாது. சரியா?"

டிராவிஸ் யோசித்தான். தலையாட்டினான்.

"வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒரு பசு ரோட்டில் நனைந்துபோய் நின்றது. கழுத்தில் மாலை."

டிராவிஸ் பேசவில்லை.

"நீங்கள் பிடித்து வந்து இங்கே கட்டினீர்கள். ஷெரிஃபிடம் சொல்லப் போனபோது, அவர் டிவியில் மாடு செத்துவிட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தார். மாடு உயிரோடு இருக்கிறது என்று அதற்குமேல் அவரிடம் சொல்ல உங்களுக்குத் தைரியம் வரவில்லை."

டிராவிஸ் தொண்டையைச் செருமினான். பேசவில்லை.

"இன்று காலையில் பிரச்சாரக்காரர்கள் யாரோ வந்து அதை ஓட்டிக்கொண்டு போனார்கள். வெகுதூரத்துக்கு."

"தப்பு," என்றான் டிராவிஸ்.

வெகுதூரம் என்பதுதான் தப்பு. டிராவிஸின் பார்வை கோர்ட்டைத் தாண்டி, பேண்டு வாத்தியம் முழங்கிக்கொண்டிருந்த சதுக்கத்துக்குப் போயிற்று. இளமாறனும் பார்த்தான். அப்புறம் ஜெபினாவிடம் கை நீட்டினான்.

"சில்லறை குடு. ஏர்லுக்கு போன் பண்ணணும். ட்ரெய்லரோட வரச் சொல்றேன்."

"எதை ஏத்திட்டுப் போக?"

"ஏத்திட்டுப் போக இல்ல. இறக்கி விட."

*

வசந்தாமணியையும் கூட்டிக்கொண்டு அவர்கள் சதுக்கத்துக்குப் போனபோது ஓக்லி பேச ஆரம்பித்திருந்தார். மேடையில் அவருக்குப் பின்னால் நாற்காலிகளில் ஒரு பெண்மணியும் ஒரு வழுக்கைத் தலையரும். அவர்களும் வேட்பாளர்கள். மேடையின் முன்னோரத்தில், ஓக்லியின் இடது கை பிடித்த கயிற்றின் முனையில், ஒரு பசு. கழுத்திலிருந்து வால்வரை அதை ஒரு துணிப் பதாகை மூடியிருந்தது. அதில் ஓக்லி என்று ஆள் உயர எழுத்து. தலையில் ஒரு வைக்கோல் தொப்பியை வைத்துத் தாடையில் நாடா கட்டியிருந்தார்கள்.

வசந்தாமணி இளமாறனின் கையைப் பிடித்தாள். "அது நம்ம பசுங்க. கண்ணைப் பாருங்க. நான்தானுங்க அதுக்குப் பழம் ஊட்டி விட்டேன்." ஓடப் போனவளை அவன் தடுத்தான்.

"மேடம், நாம சொன்னா எடுபடாது. சொல்ல வேண்டியவரு வந்துட்டிருக்கார்."

"ஷெரிஃபுக்குத் தெரியுமா பாஸ்?" ஜெபினா கிசுகிசுத்தாள்.

"தெரியாது. மேடைக்கு ஒரு மாடு வேணும்னு கேட்டிருப்பாங்க. பட்டியில ஒண்ணு சும்மா நின்னுச்சு. சொந்தப் பட்டியில என்ன இருக்குன்னு எட்டிப் பாத்திருந்தார்னா இந்தக் கேஸே இல்ல."

ஓக்லியின் குரல் ஒலிபெருக்கியில் தழுதழுத்தது. "இந்த வாயில்லா ஜீவனைப் பாருங்கள், நண்பர்களே! இதைப்போன்ற ஒரு தாயைத்தான் அந்த மனிதன் வீட்டுக்குள் அழைத்துப் போனான். அவள் நம்பி உள்ளே போனாள்! திரும்பி வந்தாளா?" பசுவின் கழுத்தைத் தட்டிக் கொடுத்தார். "ரசம் என்கிறார்கள் அதை. நான் அந்த அண்டாவை எட்டிப் பார்த்தேன். பார்த்த இரவு நான் தூங்கவில்லை."

முன்வரிசையில் ஒரு பாட்டியம்மாள் கண்ணைத் துடைத்தாள்.

"பாஸ், செத்த மாட்டுக்கு நடக்கற இரங்கல் கூட்டத்துல செத்த மாடே மேடைல நிக்குது. பேசச் சொல்லலையேன்னு வருத்தத்துல இருக்கும்."

ஜெபினா சொல்லி முடிக்கவில்லை. சதுக்கத்து ஓரத்தில் ஒரு பழைய பிக்கப் வண்டி ட்ரெய்லரை இழுத்துக்கொண்டு வந்து நின்றது. எலும்பும் தோலுமான ஒரு பெரியவர் இறங்கினார். ராஞ்ச்காரர் ஏர்ல். அவர் ட்ரெய்லரின் பின்கதவைத் திறந்தார். கன்றுக்குட்டி எட்டிப் பார்த்தது. கத்தியது.

மேடையில் பசு தலையைத் தூக்கியது. மைக்குக்குப் பக்கத்தில் வாயை வைத்து அது போட்ட "அம்ம்மா" சதுக்கம் முழுக்க, கோர்ட்டு ஜன்னல் அதிர, ஒலிபெருக்கியில் வெடித்தது. ஓக்லி மைக்கைக் கீழே போட்டார்.

அதற்குப் பிறகு கன்றுக்குட்டியை யாராலும் நிறுத்த முடியவில்லை. நாற்காலிகளுக்கு நடுவே புகுந்து, பேண்டுக்காரனின் டிரம்மைத் தள்ளிவிட்டு, மேடைப் படியில் தடுக்கி எழுந்து ஏறியது. பதாகைக்குள் தலையை விட்டு, ஓக்லி என்ற எழுத்துக்களை ஒரே முட்டாக மேலே தூக்கி, மடியில் வாயை வைத்தது. பதாகை சரிந்து விழுந்தது. பசு கன்றை நக்கத் தலையைத் திருப்பிய வேகத்தில் தொப்பியும் போயிற்று. நெற்றியில் கலைந்த குங்குமம். கழுத்திலும் முதுகிலும் மஞ்சள். பின்தொடையில் ஏர்லின் பண்ணை முத்திரை.

வசந்தாமணி வாய்விட்டு அழுதாள்.

ஏர்ல் மேடைக்குக் கீழே வந்து நின்றார். குரலை உயர்த்தவில்லை. "டுவேன், இது என் மாடு. வெள்ளிக்கிழமை செத்துப்போனதாக நீ டிவியில் சொன்ன மாடு. ஓடிப்போயிருக்கும், தேடு என்றுதானே உன்னிடம் சொன்னேன்?"

சதுக்கத்தில் சத்தமே இல்லை. கன்று பால் குடிக்கும் ஓசை மட்டும் கேட்டது. டிவிக்காரன் கேமராவைத் தோளில் ஏற்றினான். ஓக்லி பசுவைப் பார்த்தார். ஏர்லைப் பார்த்தார். கேமராவைப் பார்த்தார். இந்த மனிதர் முடிந்தார் என்று இளமாறன் நினைத்தான்.

ஓக்லி குனிந்து மைக்கை எடுத்தார். தூசியை ஊதினார். இரண்டு கைகளையும் விரித்தார்.

"நண்பர்களே! தொலைந்த மாட்டைக் கண்டுபிடிப்பேன் என்று நான் வாக்குக் கொடுத்தேனா இல்லையா? இதோ! உங்கள் கண் முன்னால்! தாயையும் பிள்ளையையும் சேர்த்து வைத்துவிட்டேன்!"

முன்வரிசைப் பாட்டியம்மாள்தான் முதலில் கை தட்டினாள். அப்புறம் சதுக்கமே தட்டியது. பேண்டு முழங்கியது.

"பாஸ்! கை தட்றாங்க! நிஜமாவே தட்றாங்க!"

"தட்டட்டும். வா, கை தட்டறது நிக்கறதுக்குள்ள வேலையை முடிக்கணும்."

மேடைக்குப் பின்னால் படியில் ஓக்லியை அவன் மறித்தான். "வாழ்த்துக்கள் ஷெரிஃப். உயிரோடு இருக்கிற மாட்டைக் கொன்றதாக உங்கள் ஜெயிலில் ஒருவர் இருக்கிறார்."

"அதை நான் முடிவு செய்ய முடியாது," என்றார் ஓக்லி, கூட்டத்துக்குக் கையாட்டிக்கொண்டே. "வழக்கை அரசு வக்கீல் கைவிட வேண்டும். நீதிபதி உத்தரவு போட வேண்டும். நான் வெறும் ஜெயிலர்."

"இரண்டு பேரும் எங்கே கிடைப்பார்கள்?"

ஓக்லி தயக்கத்துடன் மேடையைக் காட்டினார். நாற்காலியில் இருந்த பெண்மணி அரசு வக்கீல். வழுக்கைத் தலையர் நீதிபதி. இருவரும் நாளைய தேர்தலில் மறுபடி நிற்பவர்கள்.

"இந்த ஊர்ல எலெக்ட் ஆகாதது மாடு மட்டும்தானா பாஸ்?" என்றாள் ஜெபினா.

இளமாறன் ஓக்லியின் காதருகில் குனிந்தான். "ஷெரிஃப், அந்த டிவிக்காரர் இப்போது என்னிடம்தான் வருகிறார். மாடு மூன்று நாள் எங்கே தங்கியது என்று கேட்பார். கேட்பதற்குள் நஞ்சுண்டன் வெளியே வந்துவிட்டால், 'ஷெரிஃபைக் கேளுங்கள்' என்று சொல்லிவிட்டு நான் போய்விடுவேன். வரவில்லை என்றால் நானே சொல்வேன். மாட்டைப் பிடித்த உங்கள் டெபுடிக்கு நீங்கள் ஒரு பாராட்டுப் பத்திரமும் கொடுப்பீர்கள். அவர் கடமையைச் செய்தவர்."

கேமராக்காரன் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்துகொண்டிருந்தான். ஓக்லி மேடைக்கு ஓடினார். மூன்று தலைகள் ஒன்றாகக் குனிந்தன. நீதிபதி தன் தேர்தல் நோட்டீஸின் பின்பக்கத்தில் எழுதவே ஆரம்பித்துவிட்டார். அரசு வக்கீல்தான் அவர் கையைப் பிடித்து, நல்ல காகிதம் கொண்டுவர ஆள் அனுப்பினாள்.

*

ஜெயிலின் பக்கவாட்டுக் கதவை டிராவிஸ் திறந்துவிட்டான். நஞ்சுண்டன் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெளியே வந்தான். கிரகப்பிரவேசத்துப் பட்டு வேட்டி கசங்கியிருந்தது. அன்று மேலே துண்டு மட்டும் போட்டிருந்ததால், உள்ளே மிச்சமிருந்த ஒரு டி-ஷர்ட்டை யாரோ கொடுத்திருக்கிறார்கள். நெஞ்சில் தொப்பி போட்ட ஷெரிஃப் சிரித்துக்கொண்டிருந்தார்.

வசந்தாமணி அவன் கையை, முகத்தை, தோளைத் தொட்டுப் பார்த்தாள். "சாப்ட்டீங்களா? என்ன குடுத்தாங்க?"

"ரொட்டியும் பழமும்தான். உள்ள இருந்தவங்க என்னையக் கண்டா ஒதுங்கிப் போனாங்க வசந்தா. ஒரு முழு மாட்டை ஒரே பொழுதுல தின்னவன்னு." சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை.

காரில் ஏறினார்கள். சதுக்கத்தைக் கடக்கும்போது ஏர்ல் பசுவையும் கன்றையும் ட்ரெய்லரில் ஏற்றிக்கொண்டிருந்தார். ஓக்லி பக்கத்தில் நின்று படத்துக்குச் சிரித்துக்கொண்டிருந்தார். மக்கள் வரிசையில் நின்று அவருக்குக் கை கொடுத்தார்கள்.

"போதுமுங்க," என்றாள் வசந்தாமணி. "ஊட்டை வித்துப் போட்டு கோபிக்கே போயிரலாம். நமக்கு இந்த ஊரு வேண்டாமுங்க."

நஞ்சுண்டன் ஜன்னல் வழியே அந்த வரிசையையே பார்த்துக்கொண்டு வந்தான். ஊர் முடிந்து புல்வெளி வந்த பிறகுதான் பேசினான்.

"இளமாறன் சார், நாளைக்கு இவரு ஜெயிப்பாருங்களா?"

"ஜெயிப்பார். இன்னிக்குக் கை தட்டினதைப் பாத்தா முன்னைவிட நல்லாவே ஜெயிப்பார்."

"எங்க குடியிருப்புல இவருக்கு எதிரா ஒருத்தர்கூடப் போட மாட்டாங்களா?"

"உங்க தெருவுல யாருக்குங்க ஓட்டு இருக்கு? எல்லாரும் எச்-ஒன் விசால வேலைக்கு வந்தவங்க."

நஞ்சுண்டன் தலையை ஆட்டினான். "அடுத்த எலெக்ஷன் எப்பங்க?"

"ரெண்டாயிரத்துல."

"அதுக்குள்ள எனக்கு வந்துருமுங்களா?"

"கஷ்டம். கிரீன் கார்டுக்கே இன்னும் ரெண்டு வருஷம் ஆகும். அதுக்கப்புறம் அஞ்சு வருஷம் இருக்கணும், அப்புறம் சிட்டிசன்ஷிப் அப்ளை பண்ணணும். ரெண்டாயிரத்து நாலுல வேணா நீங்க போடலாம்."

நஞ்சுண்டன் விரல்விட்டு எண்ணினான். ஒரு கை போதவில்லை. வசந்தாமணி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போலாம் புள்ள," என்றான் அவன். "கோபிக்கே போயிரலாம். ஒரே ஒரு ஓட்டுப் போட்டுட்டுப் போலாம்."